வெட்டப்பட்ட ஓரங்கள்

நிழற்படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஓவியன் தன் கற்பனையைக் கலக்கக்கூடும், கதாசிரியன் மிகைப்படுத்தக்கூடும், கருவியோ கண்டதைக் கண்டவாறே காட்டும் என்று எண்ணுகிறோம். அதிலும், எவரையும் நிறுத்தி வைக்காமல், ‘கொஞ்சம் சிரியுங்கள்’ என்று சொல்லாமல், வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படும் படத்திற்கு நாம் தரும் மதிப்பு தனி. படக்காரர்கள் இதனைக் ‘கேண்டிட்’ படம் என்பர். படத்தில் இருப்பவர் தாம் படமாவதை அறியவில்லை. ஆகவே அவர் நடிக்கவில்லை. ஆகவே அது உண்மை என்று முடிவு செய்கிறோம்.

இம்முடிவில் ஒரு படி விடுபட்டுப்போகிறது. தாம் படமாவதையே அறியாதவர், தம் படம் எந்த இடத்தில் வெட்டப்படும் என்பதை எவ்வாறு அறிவார்? கருவியின் கண்ணாடி வழியே உலகின் ஒரு துண்டைப் பெயர்த்தெடுப்பது முதல் வெட்டு. அத்துண்டின் ஓரங்களை மீண்டும் நறுக்கி அச்சுக்கு அனுப்புவது இரண்டாம் வெட்டு. முதல் வெட்டு கணப்பொழுதில் நிகழ்வது. கை தவறியும் நிகழலாம். இரண்டாவது, மேசையின் முன் அமர்ந்து, யோசித்துச் செய்யப்படுவது. அங்கே ஒருவர் இன்னொருவரைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார். அத்தீர்ப்பின் நியாயத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேர்த்தலும் நீக்கலும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையும், அன்றிரவு அடையாற்றில் வந்த வெள்ளமும் சென்னைவாசிகளின் நினைவிலிருந்து எளிதில் அகலக்கூடியவை அல்ல. ஆற்றின் கரையிலேயே அமைந்த சைதாப்பேட்டை அவ்வெள்ளத்தின் நேரடிப் பாதையில் இருந்தது. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் 18-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த பழைய பாலம் நின்ற இடத்தில், இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. வெள்ளம் பாலத்தை நெருங்கியபோது போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கரையோரத்து வீடுகள் நீரில் மூழ்கின. இடுப்பளவு நீரில் குழந்தையைத் தோளில் சுமந்தும், மூட்டையைத் தலையில் தாங்கியும் நடந்த மக்களின் படங்கள் நாளேடுகளிலும் கைப்பேசிகளிலும் நிறைந்தன.

அந்நாள்களில் வெளியான ஒரு படம் வேறொரு காரணத்தால் பேசப்பட்டது. டிசம்பர் 3-ஆம் நாள் பிரதமர் வானிலிருந்து வெள்ளச் சேதத்தைப் பார்வையிட்டார். அவர் வானூர்தியின் சன்னல் வழியே கீழே நோக்குவதாக ஒரு படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. சன்னலுக்கு அப்பால் மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டிய நகரம், நீர் சூழ்ந்த கட்டடங்களோடு பளிச்சென்று தெரிந்தது. சன்னற் காட்சி வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்பதைப் பார்த்தோர் உடனே சுட்டிக்காட்டினர். இரு படங்களை இணைத்ததை அந்த அலுவலகமும் ஒப்புக்கொண்டு, படத்தை விலக்கிக்கொண்டது.

இதனை நாம் நினைவுகூர்வது அரசியல் பேசுவதற்காக அன்று. சேர்த்தால் பிடிபடுகிறது என்பதைக் காட்டவே. ஒட்டிய இடத்தில் தழும்பு இருக்கும். ஒளியின் திசை முரண்படும். கூர்ந்து நோக்குவோர் கண்டுகொள்வர். நீக்கலுக்கு அத்தகைய தழும்பு இல்லை. வெட்டிய பின் எஞ்சி நிற்கும் ஒவ்வொரு புள்ளியும் உண்மையாகவே இருக்கிறது. உண்மைகளை மட்டுமே கொண்டு ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்பதுதான் வெட்டின் ஆபத்து. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர் முழு உண்மையையும் சொல்வதாக உறுதி கூறுகிறார். படத்திடம் நாம் அந்த உறுதியைக் கேட்பதில்லை.

வெட்டவே கூடாதா?

அப்படியானால் எடுத்த படத்தை எடுத்தவாறே வெளியிடுவதுதான் அறமா? அவ்வாறு எண்ணியவர்களும் உண்டு. பிரெஞ்சு நாட்டு நிழற்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரேசோன் அவர்களுள் தலையாயவர். 1950 ஏப்ரலில், இரமண மகரிஷியின் இறுதி நாள்களில், திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவர் என்ற முறையில் தமிழகத்திற்கும் அறிமுகமானவர். கட்டத்தைக் கண்ணிலேயே அமைத்துவிட வேண்டும், பின்னர் கத்தரி வைக்கலாகாது என்பது அவர் கொள்கை. தம் படங்களைப் பத்திரிகைகள் நறுக்குவதை அவர் விரும்பியதில்லை.

ஆயினும், அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த படங்களுள் ஒன்றே வெட்டப்பட்டதுதான். 1932-இல் பாரீசின் சேன் லசார் தொடர்வண்டி நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரை ஒரு மனிதர் தாண்டிக் குதிக்கும் காட்சி அது. வேலிப் பலகைகளின் இடுக்கில் கருவியை வைத்து எடுத்ததால், படத்தின் ஒரு பக்கத்தைப் பலகை மறைத்துவிட்டது. அப்பகுதியை நீக்கித்தான் படம் அச்சாயிற்று. அந்த வெட்டால் யாருக்கும் அநீதி நேரவில்லை. நீக்கப்பட்டது ஒரு பலகை. காண வேண்டியதை மறைத்த பலகை. காட்சியை மறைப்பதை நீக்குவதற்கும், காட்சிக்குப் பொறுப்பானதை நீக்குவதற்கும் உள்ள வேற்றுமை இங்கே தெளிவாகிறது. நல்ல வெட்டு முதல் வகை. தீய வெட்டு இரண்டாம் வகை. எல்லாப் படங்களிலும் இவ்விரண்டையும் இவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடிவதில்லை என்பதுதான் சிக்கல்.

ஆடையிழந்த இருவர்

இச்சிக்கலின் முழு எடையையும் காட்டும் இரண்டு படங்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பது பயன் தரும். இரண்டும் போரும் கலவரமும் தந்தவை. இரண்டிலும் ஆடையற்ற ஒருவர் இருக்கிறார்.

முதலாவது, 1972 ஜூன் 8 அன்று தென் வியட்நாமின் டிராங் பாங் சிற்றூரில் எடுக்கப்பட்டது. நேபாம் தீக்குண்டில் உடல் வெந்து, ஆடையின்றிச் சாலையில் ஓடிவரும் ஒன்பது வயதுச் சிறுமி கிம் புக்கை உலகமே அறியும். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அப்படத்தை நிக் உட் என்பாரின் பெயரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. எடுத்தவர் யார் என்பதில் 2025-இல் விவாதம் எழுந்து, உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு பெயர்க்குறிப்பை நிறுத்திவைத்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமோ தன் பதிவை மாற்றவில்லை. அந்த வழக்கு நம் பொருளன்று. நம் பொருள் அதன் ஓரங்கள்.

ஆடையற்ற உருவத்தை வெளியிடலாமா என்று அந்நிறுவனத்தின் ஆசிரியர்களிடையே அன்று வாக்குவாதம் நடந்தது. சைகோனில் இருந்த ஹோர்ஸ்ட் பாஸ் படத்தை அனுப்பியே தீரவேண்டும் என்றார். முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: படம் வெளியாகும், ஆனால் சிறுமியை மட்டும் தனியே நெருக்கி வெட்டிய படம் அனுப்பப்படாது. இந்த உடன்பாட்டில் பொதிந்துள்ள அறிவு வியக்கத்தக்கது. அச்சிறுமியைத் தனியே வெட்டினால் அவள் ஓர் உடலாகிவிடுவாள். முன்னே அலறி ஓடும் சிறுவன், பின்னே சாவதானமாக நடந்துவரும் படைவீரர்கள், அடிவானத்தை மூடிய கரும்புகை ஆகிய யாவும் உடன் நிற்கும்போதுதான் அவள் ஒரு நிகழ்ச்சியின் சாட்சியாகிறாள்.

எனினும் அதே படத்தின் வலப்புறத்தில் ஒரு வெட்டு விழுந்தது. முழுப் படத்தில் அங்கே ஒருவர் குனிந்து தம் கருவியில் படச்சுருளைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். அவரும் ஒரு படக்காரரே. பரவலாக நாம் காணும் படத்தில் அவர் இல்லை. கண்ணைச் சிதறடிக்கும் உருவம் என்று அவர் நீக்கப்பட்டிருக்கலாம். அமைப்பு முறையில் அது சரியே. ஆனால் அவரோடு ஓர் உண்மையும் போயிற்று. அச்சாலையில் உலகத்தின் கண்கள் முன்னரே வந்து நின்றிருந்தன. அவற்றுள் சில, அக்கணத்தில் வேறு வேலையாக இருந்தன. அந்த உண்மை படத்தின் வேகத்தைக் குறைக்கும். பார்ப்பவரின் மனச்சான்றையோ கூடுதலாகத் தைக்கும்.

இரண்டாவது படம் நமக்கு இன்னும் அண்மையானது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்க்கு எதிராக வெடித்த வன்முறையின்போது, பொரளையில் சந்திரகுப்த அமரசிங்க என்னும் சிங்கள நிழற்படக் கலைஞர் எடுத்தது. ஆடை முழுதும் களையப்பட்ட ஒரு தமிழ் இளைஞர் கூனிக்குறுகி அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி இளைஞர் கூட்டம். அவர்களிடையே சிரிப்பும் களியாட்டமும். பொரளை இரவின் அந்த ஒரு கணம் கறுப்பு ஜூலையின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

அப்படத்தை ஒரு தாளால் மறைத்துப் பார்ப்போம். கூட்டத்தை மறைத்து இளைஞரை மட்டும் விட்டால் எஞ்சுவது துயரம். யாரால் விளைந்ததென்று சொல்லாத துயரம். இயற்கைப் பேரிடரில் சிக்கியவர் என்றுகூட அதனைக் கூறிவிடலாம். பார்ப்பவர் இரக்கப்படுவார், இரங்கிவிட்டு நகர்ந்துவிடுவார். அதைவிடக் கொடிது, ஆடையற்ற நிலையின் நாணம் முழுவதும் அந்த இளைஞர்மீதே தங்கிவிடுவது. இப்போது தாளை நீக்கிச் சிரிப்பவர்களையும் சேர்த்துப் பார்ப்போம். நாணம் இடம் மாறுகிறது. ஆடையணிந்து நிற்பவர்களே அம்மணமாகிறார்கள். அதே இளைஞர், அதே கணம். ஓரம் மட்டுமே வேறு. ஓர் இரக்கப் படம் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் ஜூலை வந்தால் அப்படம் சுவரொட்டிகளுக்கும் மேடைகளுக்கும் வந்துவிடுகிறது. ஓர் இனத்தின் துன்பத்திற்குச் சின்னமாகும்போது, அந்த ஒரு மனிதர் மீண்டும் நம் பார்வையிலிருந்து வெட்டப்படுகிறார். அவருக்கு ஒரு தாய் இருந்தாள், ஒரு வீட்டு முகவரி இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். முழுப் படத்தை வைத்திருப்பதால் மட்டுமே நம் கடமை முடிந்துவிடுவதில்லை. எதற்காக அதைத் தூக்கிப் பிடிக்கிறோம் என்ற கேள்வியும் படத்தின் ஓரத்தில்தான் நிற்கிறது.

தீய எண்ணம் இல்லாமலே

வெட்டியவர் தீயவராக இருந்தால்தான் வெட்டு தீயதாகும் என்பதில்லை. 2020 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில், பருவநிலை மாற்றம் குறித்துக் குரலெழுப்பும் இளம்பெண்கள் ஐவர் சேர்ந்து நின்றனர். அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட படத்தில் நால்வரே இருந்தனர். நால்வரும் வெள்ளை இனத்தவர். ஓரத்தில் நின்ற உகாண்டா நாட்டு வனெசா நகாத்தே நீக்கப்பட்டிருந்தார். அவருக்குப் பின்னாலிருந்த கட்டடம் படத்தின் அழகைக் கெடுத்தது, அதனால் வெட்டினோம் என்பது முதலில் தரப்பட்ட விளக்கம். அவ்விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆப்பிரிக்கக் கண்டத்தின் குரலாக வந்தவர், தாம் இல்லாத படத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டபோது, ‘கட்டடம்’ என்பது விடையாகவில்லை. நிறுவனத்தின் தலைமை ஆசிரியர் மன்னிப்புக் கோரினார். அழகுக்காக ஓரத்தை வெட்டும்போது, அந்த ஓரத்தில் எப்போதும் ஒரே வகையான மக்களே நிற்க நேர்கிறது என்றால், அது அழகியலின் தவறு மட்டும் அன்று.

ஆற்றங்கரையின் ஓரம்

இந்த வெளிச்சத்தில் சைதாப்பேட்டைக்குத் திரும்புவோம். பாலத்தின் மேலிருந்து கரையோரக் குடிசைகளைப் படமெடுக்கும் ஒருவர் முன் இரண்டு வழிகள் உண்டு. ஆற்றுநீரும் குடிசையும் மட்டும் இருக்குமாறு நெருக்கி வெட்டலாம். அப்போது படம் சொல்வது: ஆறு ஓடும் இடத்தில் இவர்கள் குடியேறினார்கள், ஆறு தன் இடத்தைத் திரும்பக் கேட்டது. கட்டத்தைச் சற்று உயர்த்தினால் அடுக்குமாடிகள் தெரியும்; சாலைகள் தெரியும்; நகரம் முழுவதுமே ஆற்றை நெருக்கி வளர்ந்த கதை தெரியும். அப்போது அக்குடிசை குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கி, நகரத்தின் பல வீடுகளுள் ஒன்றாகிறது.

எவ்வளவு அகலமான கட்டத்திற்கும் அடங்காதவையும் உண்டு. அடையாற்றில் அன்று வந்த நீரில் பெரும்பகுதி, படமெடுத்தவரின் பார்வைக்கு எட்டாத செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்தும் மேற்கிலுள்ள ஏரிகளிலிருந்தும் வந்தது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018-இல் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்ற முடிவைக் கூறியது. ஏரியின் மதகும் அலுவலகக் கோப்பும் வெள்ளத்தில் நிற்கும் பெண்ணின் படத்தில் இடம்பெற முடியாது. அவற்றைச் சொல்ல வேண்டியது படத்தின் கீழுள்ள வரி. ஆகவே படத்தை வெட்டுபவருக்குள்ள பொறுப்பு, அடிக்குறிப்பு எழுதுபவருக்கும் உண்டு. ‘வெள்ளத்தில் தவிக்கும் மக்கள்’ என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவதும் ஒரு வெட்டுதான்.

இது வெறும் அழகியல் வாதம் அன்று. வெள்ளம் வடிந்தபின், சைதாப்பேட்டை உட்பட அடையாற்றங்கரையில் வாழ்ந்த பல்லாயிரவர், பெரும்பாக்கம் முதலிய தொலைவிடங்களிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். வீட்டுவேலைக்குச் சென்ற தெருக்கள், பிள்ளைகள் படித்த பள்ளிகள், அன்றாடக் கூலி கிடைத்த சந்தி ஆகியவற்றிலிருந்து அவர்கள் பிரிந்தனர். ஆற்றங்கரையில் குடியிருப்பது ஆபத்து என்பதை மறுப்பார் இலர். ஆனால் கரையில் நின்ற பலருள் யாரை அகற்றுவது என்ற கேள்வி எழுந்தபோது, குடிசையை மட்டுமே காட்டிப் பழகிய படங்களால் உருவான பொதுக்கருத்து என்ன விடை தந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். காகிதத்தில் விழும் வெட்டு, சிலவேளைகளில் நிலத்திலும் விழுகிறது.

நம் வீட்டு முற்றம்

பிறர் படங்களை ஆராயும் நாம் நம் வீட்டு முற்றத்தையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். 2018 மார்ச் 12 அன்று, திருத்தந்தை பிரான்சிசின் இறையியல் குறித்து வெளிவந்த நூல்வரிசையை அறிமுகப்படுத்தும் வேளையில், ஓய்வுபெற்ற திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எழுதிய மடலின் நிழற்படம் ஒன்றை வத்திக்கான் தகவல்தொடர்புச் செயலகம் வெளியிட்டது. மடலின் முதல் பக்கத்தின் கடைசி வரிகள் மங்கலாக்கப்பட்டிருந்தன. இரண்டாம் பக்கத்தின் மேல் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன; கையொப்பம் மட்டும் தெரிந்தது. மறைந்த பகுதியில், அந்நூல்களைத் தாம் முழுமையாகப் படிக்கவில்லை என்பதையும், கேட்கப்பட்ட இறையியல் மதிப்புரையை எழுத இயலாது என்பதையும் அவர் தெரிவித்திருந்தார். செய்தி வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. 17-ஆம் நாள் முழு மடலும் வெளியிடப்பட்டது. செயலகத்தின் தலைவர் அருள்திரு தாரியோ விகனோ 21-ஆம் நாள் பதவி விலகினார். அவ்வாண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்காகத் திருத்தந்தை எடுத்துக்கொண்ட பொருள் பொய்ச்செய்தி என்பதை நினைக்கும்போது வருத்தம் மிகுகிறது.

படிப்பினை தெளிவு. நல்ல நோக்கமுடையோர், நல்ல நூல்களுக்காக, நல்ல மனிதரின் மடலை வைத்துச் செய்த வெட்டு அது. மறைக்காமல் விட்டிருந்தால் முதியவர் ஒருவரின் எளிய மறுப்பாகச் சில நாள்களில் மறைந்திருக்கும். மறைத்ததால் அது உலகச் செய்தியாயிற்று.

இவற்றிலிருந்து சில அளவுகோல்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். நீக்கப்படுவது காட்சியை மறைக்கும் பலகையா, காட்சிக்கு விடைசொல்ல வேண்டிய மனிதரா என்று முதலில் கேட்க வேண்டும். படத்தில் இருப்பவர் வெட்டிய படத்தைக் கண்டால், ‘ஆம், அன்று நடந்தது இதுதான்’ என்று ஒப்புவாரா என்பது அடுத்த கேள்வி. துன்புறுவோரைக் காட்டும்போது, அவர் தனித்த உடலாக எஞ்சாமல், சூழலோடு கூடிய மனிதராக நிற்கிறாரா என்பது மூன்றாவது. வெட்டாத மூலத்தைப் பாதுகாத்து வைத்திருப்பதும், கேட்பவருக்குக் காட்ட ஆயத்தமாக இருப்பதும் வெட்டுபவரின் நேர்மைக்குச் சான்று.

இருட்டறையில், சிவப்புப் பென்சிலால் குறியிட்டு வெட்டிய காலத்தில் இப்பொறுப்பு சிலரிடம் மட்டுமே இருந்தது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் விரல் நுனியில் கத்தரி ஏந்தியிருக்கிறோம். உதவி வழங்கும் கூட்டத்தில் கொடுப்பவர் முகமும் வாங்குபவர் கையும் மட்டும் தெரியும் படங்களை நாமே எடுக்கிறோம், நாமே பகிர்கிறோம். பங்குத் திருவிழா மலருக்குப் படம் தேரும்போது, மேடையிலிருப்போர் நடுவில் வருமாறு ஓரத்தை நறுக்குகிறோம். அந்த ஓரத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றிருக்கலாம். படமெடுத்ததை அவர் அப்போது அறியாமல் இருந்திருக்கலாம். ஆனால் மலர் கைக்கு வந்ததும், கைகளைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அவர் தேடுவது தம்மைத்தான்.